வருஷத்துக்கு 30 மணி நேரம் வாலண்டியர் பண்ணணும்னு ரூல் வெக்கலாமா? சார்ட்டர் ஸ்கூல் பேரன்ட்ஸ் சொல்லுங்க

சான்ஹோசே அம்மா (இழையைத் தொடங்கியவர்):
என் பொண்ணு தேர்ட் கிரேடு. இங்க கலிஃபோர்னியால ஒரு சார்ட்டர் ஸ்கூல்ல லாட்டரில இடம் கிடைச்சு மூணு வருஷமா படிக்கிறா. ஊர்லேர்ந்து புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி, சார்ட்டர்னா கவர்மென்ட் பணத்துல நடக்குற பொது ஸ்கூல்தான், ஃபீஸ் கிடையாது, ஆனா டிஸ்ட்ரிக்ட் (அந்த ஏரியா பொது ஸ்கூல்களை நடத்துற அமைப்பு) நேரடியா நடத்தாது, தனியா ஒரு போர்டு நடத்தும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாதிரி அனுமதியைப் புதுப்பிக்கணும்.

போன வாரம் போர்டு மீட்டிங்ல பேரன்ட் கவுன்சில் சார்பா ஒரு ப்ரொபோசல் வெச்சோம், எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி. ஒவ்வொரு ஃபேமிலியும் வருஷத்துக்கு 30 மணி நேரம் ஸ்கூலுக்கு வேலை செய்யணும். காரணம் இதுதான், காலைல 7:40க்கு ஆரஞ்சு கலர் வெஸ்ட் போட்டுக்கிட்டு புள்ளைங்களை இறக்கி விடுற கார் லைன்ல கோன் வைக்கிறதுலேர்ந்து லைப்ரரி புக் அடுக்குறது, ஃபீல்ட் ட்ரிப் கூடப் போறது வரைக்கும் எல்லாத்துக்கும் அதே பதினஞ்சு பேர்தான் வர்றோம். அக்டோபர்ல மழை பேஞ்ச அன்னிக்கு நானும் இன்னொரு அம்மாவும் மட்டும் நின்னோம், ஒரு குழந்தை ரெண்டு காருக்கு நடுவுல ஓடி வந்துட்டா, கையைப் புடிச்சு இழுத்தப்புறம் எனக்கு அரை மணி நேரம் நடுக்கம் நிக்கல. அன்னிக்கு முடிவு பண்ணதுதான் இது. மீட்டிங்ல ரெண்டு பேர் பயங்கரமா எதிர்த்தாங்க. நம்ம தமிழ்ப் பள்ளியை எடுத்துக்கோங்க, சனி ஞாயிறுல சம்பளம் வாங்காம பேரன்ட்ஸேதான் க்ளாஸ் எடுக்கிறாங்க, சாப்பாடு கொண்டு வர்றாங்க, சேர் மடக்கி வைக்கிறாங்க. மனசு இருந்தா நேரம் வரும்னு நான் நம்புறேன்.

நைட்ஷிஃப்ட் மதுரை:
அக்கா, அந்தக் குழந்தை விஷயம் படிச்சப்போ எனக்கே பதறுச்சு, ஆனா கடைசி வரி ரொம்ப வலிக்குது. நான் ஹாஸ்பிடல் லேப்ல நைட் ஷிஃப்ட், வீட்டுக்காரம்மா பகல்ல வேலை, காலைல 7:40க்கு நான் வீட்டுக்கு வந்து பையனுக்கு ஷூ மாட்டிக்கிட்டு இருப்பேன், மனசு இல்லாமயா?

அதோட இது சட்டப்படி நிக்கவே நிக்காது. 2014ல பப்ளிக் அட்வகேட்ஸ்னு சான் ஃபிரான்சிஸ்கோல இருக்கிற ஒரு அமைப்பு 555 கலிஃபோர்னியா சார்ட்டர் ஸ்கூலோட விதிமுறைகளை எடுத்துப் பாத்தாங்க, 168ல பேரன்ட்ஸ் கட்டாயமா இத்தனை மணி நேரம் வேலை செய்யணும்னு இருந்துச்சு. அப்புறம் 2017ல ஏபி 1360னு ஒரு சட்டம் பாஸ் ஆச்சு. ஸ்கூல் பேரன்ட்ஸைப் பங்கெடுக்கச் சொல்லி ஊக்கப்படுத்தலாம், ஆனா சேர்றதுக்கோ தொடர்ந்து படிக்கிறதுக்கோ அது நிபந்தனை இல்லைன்னு எல்லா பேரன்ட்ஸ்கிட்டயும் அவங்களே சொல்லணும். உங்க ஸ்கூல் ஹேண்ட்புக்ல அந்த வரி எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க.

சான்ஹோசே அம்மா:
தேடிட்டேன், இருக்கு, 31ம் பக்கத்துல சின்ன எழுத்துல. ஆனா தம்பி, நாங்க யாரையும் வெளிய அனுப்பறேன்னு சொல்லல. "எதிர்பார்க்கிறோம்"னுதான் எழுதியிருக்கோம். மணி நேரம் முடிக்கலைன்னா ஒரு போன் கால் வரும், அவ்வளவுதான். இது கூட கேக்கக் கூடாதுன்னா ஸ்கூலும் வீடும் சேர்ந்து புள்ளையை வளர்க்கணும்னு எதுக்குச் சொல்லிக்கிட்டிருக்கோம்?

நைட்ஷிஃப்ட் மதுரை:
அந்த போன் கால் யாருக்கு வரும்னு யோசிங்க. எங்க பழைய ஸ்கூல்ல (பேர் வேண்டாம்) "எதிர்பார்ப்பு"தான். அதுக்கு ஒரு ஷீட்டு, ஆபீஸ் ஜன்னல் பக்கத்துல ஒட்டியிருப்பாங்க, ஃபேமிலி பேர், பக்கத்துல எத்தனை மணி நேரம்னு. எங்க பேருக்கு நேரா நாலு. பையனைக் கூட்டிட்டுப் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகணும். செகண்ட் கிரேடு புள்ள, எண்ணுப் படிக்கத் தெரியும்ல, "அப்பா நம்மளுது ஏன் நாலு"ன்னு கேட்டான். அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஒருத்தங்க ரொம்பத் தன்மையாவே சொன்னாங்க, மிச்ச நேரத்துக்கு டொனேஷனாக் கொடுத்துடலாம்னு. பொது ஸ்கூல்ல ஃபீஸ் வாங்கக் கூடாதுங்குற சட்டம் சார்ட்டருக்கும் சேர்த்துத்தான், வேற பேர்ல கேட்டா மட்டும் ஃபீஸ் இல்லாமப் போயிடுமா? அடுத்த வருஷம் நாங்களாவே வெளிய வந்துட்டோம். யாரும் அனுப்பல. இப்படித்தான் நடக்கும்.

தமிழ்ப் பள்ளி ஒப்பீடும் சரியில்ல. அது நாம விருப்பப்பட்டுச் சேர்றது, புடிக்கலைன்னா நின்னுக்கலாம். இது புள்ளையோட உரிமை.

ஹெச்4 கோமதி:
நான் அக்கா பக்கம். என் கதையை ஒருத்தரும் கேக்காமலே சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. நான் திருநெல்வேலில எட்டு வருஷம் டீச்சரா இருந்தேன், இங்க வந்து ஹெச்4 விசா, அதாவது வேலை விசால வந்தவங்க குடும்பத்துக்குக் கொடுக்கிறது, என்னால வேலைக்குப் போக முடியாது, மூணு வருஷம் நாலு சுவருக்குள்ளதான். பையன் ஸ்கூல்ல ரீடிங் ஹெல்ப்புக்கு ஆள் வேணும்னு பேப்பர் வந்துச்சு, டிபி டெஸ்ட், கைரேகை எல்லாம் கொடுத்து உள்ள போனேன். வியெட்னாம்லேர்ந்து வந்த ஒரு சின்னப் பொண்ணு, வாரத்துக்கு ரெண்டு நாள் என் பக்கத்துல உக்காந்து விரலை வெச்சு வெச்சுப் படிப்பா, எங்க ரெண்டு பேர் இங்கிலீஷும் ஒரே மாதிரிதான் இருக்கும். மே மாசம் முழுப் புத்தகம் படிச்சு முடிச்சா. அந்த ஸ்கூல் என்னை உள்ள கூப்பிடாம இருந்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல. ரூல்னு ஒண்ணு இருந்ததாலதான் கூச்சப்படுற என்னை மாதிரி ஆளுங்க கதவைத் தட்டினோம், அது இல்லைன்னா நல்லா இங்கிலீஷ் பேசறவங்கதான் எப்பவும் முன்னாடி நிப்பாங்க.

செயின்ட்பால் கணக்கு டீச்சர்:
நான் மின்னசோட்டால சார்ட்டர்லயே டீச்சர். 1991ல நாட்டுலயே முதல் சார்ட்டர் சட்டம் வந்தது இங்கதான், 1992ல முதல் ஸ்கூல் திறந்ததும் செயின்ட் பால்லதான், கலிஃபோர்னியா ரெண்டாவது. அதனால இங்க இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்றேன்.

கோமதி மேடம் சொன்னதும் உண்மை, நைட்ஷிஃப்ட் சார் சொன்னதும் உண்மை, ஆனா ரெண்டு பேருமே கோன் வைக்கிறதையும் புக் அடுக்குறதையும் பத்தித்தான் பேசறீங்க. இங்க சட்டப்படி சார்ட்டர் போர்டுல ஒரு டீச்சர், ஒரு பேரன்ட், வெளியிலேர்ந்து கம்யூனிட்டி ஆள் ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும். அந்த போர்டைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு அங்க படிக்கிற புள்ளைங்களோட எல்லா பேரன்ட்ஸுக்கும் உண்டு. மணி நேரம் முடிச்சவங்க, முடிக்காதவங்கன்னு கணக்குக் கிடையாது. உங்க போர்டுல எத்தனை பேரன்ட் இருக்காங்க? அவங்களை யாரு போட்டது?

சான்ஹோசே அம்மா:
ஏழு பேர் போர்டு. ஒரே ஒரு பேரன்ட், அதுவும் மத்த ஆறு பேர் சேர்ந்து நியமிச்சது. இங்க போர்டுல பேரன்ட் இருக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தல, நாங்களும் கேட்டதில்ல. இதை டைப் பண்ணும்போதுதான் உறைக்குது.

ஓக்லண்ட் பழையவர்:
எல்லாரும் சார்ட்டருக்கு உள்ள இருக்கிற பேரன்ட்ஸைப் பத்தி மட்டும் பேசறீங்க. தலைப்பை விட்டு வெளிய போறேன்னு நினைக்காதீங்க, கம்யூனிட்டினா அந்தத் தெருவுல இருக்கிற மத்தவங்களும்தான். என் பேத்தி டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல். 2000ல ஓட்டுப் போட்டு வந்த ப்ரொபோசிஷன் 39 படி சார்ட்டருக்கு டிஸ்ட்ரிக்ட் இடம் கொடுக்கணும், அதனால எங்க ஸ்கூல் வளாகத்துலயே பாதியை ஒரு சார்ட்டருக்குக் கொடுத்தாங்க. ப்ளேகிரவுண்ட் நடுவுல மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு. அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க, பந்து தாண்டிப் போனா எங்க புள்ளைங்க கோட்டு மேல நின்னு கை நீட்டும். அந்த சார்ட்டர் பேரன்ட்ஸ் ரொம்ப ஆர்வமானவங்க, தோட்டம் போட்டாங்க, சுவர்ல படம் வரைஞ்சாங்க, எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். நேரம் இருக்கிற, வசதி இருக்கிற பேரன்ட்ஸை ஒரு இடத்துல சேர்த்துட்டா பக்கத்து ஸ்கூல்ல மிச்சம் யாரு இருப்பா? எங்க பிடிஏ தலைவியே லாட்டரில கிடைச்சு அங்க போயிட்டாங்க.

நியூ ஆர்லியன்ஸ் பாருங்க. 2005ல கத்ரீனா புயலுக்கு அப்புறம் நூத்துக்கும் மேல ஸ்கூலை ஸ்டேட் எடுத்துக்கிச்சு, 7,000க்கும் மேல டீச்சர், ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பினாங்க, ஸ்கூல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சார்ட்டர் ஆயிடுச்சு. அந்த ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஸ்கூல் போர்டு கைக்கு அது திரும்பி வர 2018 ஆச்சு. அந்தப் பதிமூணு வருஷமும் பேரன்ட்ஸ் கேக், பிஸ்கட் வித்து ஸ்கூலுக்குப் பணம் சேர்த்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க, ஆனா எந்த ஸ்கூலை மூடறதுன்னு அவங்களை யாரும் கேக்கல.

ஹெச்4 கோமதி:
ஐயா, வருத்தம் புரியுது. ஆனா எங்களுக்கு டிஸ்ட்ரிக்ட் போர்டு எலக்‌ஷன்ல ஓட்டு ஏது? க்ரீன் கார்டு வரவே எத்தனை வருஷம், அதுக்கப்புறம் சிட்டிசன்ஷிப், அதுக்குள்ள புள்ள காலேஜ் போயிடும். சான் ஃபிரான்சிஸ்கோல 2016ல ஓட்டெடுப்பு வெச்சு சிட்டிசன் இல்லாத பேரன்ட்ஸும் ஸ்கூல் போர்டுக்கு ஓட்டுப் போடலாம்னு கொண்டு வந்தாங்க, நாங்க இருக்கிற ஊர்ல அது இல்ல. டீச்சர் சொல்ற மின்னசோட்டா முறைல பேரன்ட்னா ஓட்டு, விசா கேக்க மாட்டாங்க. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு இங்கயே பொறந்து வளர்ந்தவங்களுக்குச் சொன்னாப் புரியாது.

ஓக்லண்ட் பழையவர்:
கோமதிம்மா, இது நியாயமான பேச்சு, இந்தக் கோணத்துல நான் யோசிச்சதில்ல. டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்லயும் ஸ்கூல் சைட் கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு பேரன்ட்ஸ் ஓட்டுப் போட்டு பேரன்ட்ஸைத் தேர்ந்தெடுப்பாங்க, சிட்டிசன்ஷிப் கேக்க மாட்டாங்க. பட்ஜெட் பத்தியே அங்க பேசலாம். நம்ம ஆளுங்க யாரும் நிக்கிறதில்ல, நில்லுங்க. ஆனா கோடு கோடுதான், அதுல என் கருத்து மாறல.

நைட்ஷிஃப்ட் மதுரை:
கோமதி மேடம், நீங்க அந்தப் பொண்ணுக்குச் செஞ்சது பெரிய விஷயம். ஆனா உங்களைக் கூப்பிட்டது ரூல் இல்ல, ரீடிங் ஹெல்ப்புக்கு ஆள் வேணும்னு வந்த பேப்பர்னு நீங்களே மேல எழுதியிருக்கீங்க. அதைத்தான் நான் சொல்றேன். கூப்பிடுங்க, தமிழ்ல, ஸ்பானிஷ்ல, வியெட்னாமீஸ்ல கூப்பிடுங்க. ஸ்கூலுக்கே வர முடியாதவங்க வீட்டுக்கு நீங்க போங்க. சாக்ரமென்டோல 1998லயே ஆரம்பிச்சாங்க, டீச்சர்ஸ் ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்கு வந்து உக்காந்து உங்க புள்ளையைப் பத்தி உங்க கனவு என்னன்னு கேப்பாங்க, போற நேரத்துக்கு அவங்களுக்குச் சம்பளம் உண்டு. எங்க இப்போதைய ஸ்கூல்ல ரெண்டு டீச்சர் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தாங்க, அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, இட்லி வெச்சாங்க, பையன் அவனோட கட்டில் மேல இருக்கிற பாறைக் கல் கலெக்‌ஷனை ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினான். மறுநாள் சயின்ஸ் க்ளாஸ்ல அந்தக் கல்லைக் கொண்டு வரச் சொன்னாங்க. நான் ஒரு மணி நேரம்கூடக் கணக்குல எழுதல, ஆனா அந்த ஸ்கூலுக்கு என்னைத் தெரியும்.

செயின்ட்பால் கணக்கு டீச்சர்:
டீச்சரா ஒண்ணு சேர்த்துக்கிறேன். வீட்டுக்குப் போறதுக்குச் சம்பளம் கொடுக்காம "டீச்சர்ஸும் மனசு வெக்கணும்"னு ஆரம்பிச்சீங்கன்னா அதே தப்பு எங்க தலைல விழும். பணம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்க. உங்க ஸ்டேட்ல வருஷா வருஷம் எல்கேப்னு, பணத்தை எதுக்குச் செலவு பண்றதுன்னு ஒரு ப்ளான் எழுதும்போது பேரன்ட்ஸைக் கலந்து பேசணும், சார்ட்டருக்கும் அது உண்டு. அதுல ஒரு வரியா இதைப் போட வைங்க.

சான்ஹோசே அம்மா:
ரெண்டு நாளா யோசிச்சேன், கவுன்சில்ல மத்தவங்ககிட்டயும் பேசினேன். 30 மணி நேரத்தை எடுத்துடலாம்னு நான் சொன்னேன், மூணு பேர் ஒத்துக்கிட்டாங்க, ரெண்டு பேர் இன்னும் ஒத்துக்கல, கோபமாவும் இருக்காங்க. பதிலா மூணு விஷயம் கேக்கப் போறோம், போர்டுல ரெண்டு பேரன்ட் சீட்டு, அதை பேரன்ட்ஸே ஓட்டுப் போட்டு நிரப்பணும், கார் லைனுக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள். ஆனா தம்பி, உண்மையைச் சொல்றேன், சம்பள ஆள் வர்ற வரைக்கும் நாளைக் காலைல அங்க நிக்கப் போறது நான்தான். கேட்டா மட்டும் போதாது, யாராவது நின்னாகணும், அதை நீங்க யாரும் இதுவரைக்கும் பேசல.

நைட்ஷிஃப்ட் மதுரை:
அது சரிதான் அக்கா, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்க மீட்டிங் எப்போ? 2019ல வந்த எஸ்பி 126 சட்டப்படி சார்ட்டர் போர்டும் பிரவுன் ஆக்ட்டுக்குள்ள, அதாவது மீட்டிங்கைப் பொதுஜனத்துக்குத் திறந்து வெக்கணும்னு சொல்ற சட்டத்துக்குள்ள வந்துடுச்சு, பொதுஜனம் யார் வேணா பேசலாம், புள்ள அங்க படிக்கணும்னு அவசியம் இல்ல. நான் வர்றேன். 30 மணி நேர ப்ரொபோசல் இன்னும் லிஸ்ட்ல இருந்தா எதிர்த்துத்தான் பேசுவேன், அந்த ஷீட்டு கதையைச் சொல்லுவேன்.

சான்ஹோசே அம்மா:
வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6:30. அஜெண்டா 72 மணி நேரம் முன்னாடி ஒட்டணும், சனிக்கிழமை 6:30க்குள்ள, வந்ததும் இங்க போடறேன். ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான், மொழிபெயர்ப்பு வெச்சுப் பேசறவங்களுக்கு அதுல டபுள் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. எங்க க்ளாஸ்ல ஒரு பையனோட பாட்டி தினம் நடந்தே கூட்டிட்டு வருவாங்க, ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும், மூணு வருஷமா ஒரு மீட்டிங்குக்கும் வந்ததில்ல. நாளைக்கு கார் லைன்ல அவங்ககிட்ட பேசிப் பாக்கறேன். இங்க யாருக்காவது நல்லா ஸ்பானிஷ் தெரியுமா?

ஹெச்4 கோமதி:
எனக்குத் தெரியாதுக்கா, ஆனா பையன் ஸ்கூல்ல ஒருத்தங்க இருக்காங்க, ராத்திரிக்குள்ள கேட்டுச் சொல்றேன்.