ஏஎன்-32 விட்டு ஏர்பஸ்: 20 வருஷம் முடிந்ததும் வெளியே வரலாமா?

சூலூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். விமானப்படையில் டிரான்ஸ்போர்ட் பைலட்டாக இருக்கிறேன். பெரும்பாலும் ஏஎன்-32 என்ற டர்போப்ராப் சரக்கு விமானம்தான். மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதில் பாதிக்கு மேல் கேப்டனாகப் பறந்தது. அடுத்த வருஷம் 20 வருட சர்வீஸ் முடிகிறது, பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும். வயது 42 ஆகியிருக்கும்.

இனி எனக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் மேஜை வேலை என்று தெரிகிறது. பறப்பதை விட மனமில்லை. அதனால் ஏர்லைனுக்குப் போகலாமா என்று யோசனை. 42 வயதில் போனால் அங்கே மரியாதையான இடம் கிடைக்குமா? டிஜிசிஏ (சிவில் விமானத் துறை இயக்குநரகம்) பரீட்சைகளை சர்வீஸில் இருக்கும்போதே எழுதுவதா, வெளியே வந்த பிறகா? இத்தனை வருஷம் கேப்டனாக இருந்துவிட்டு மறுபடி வலது சீட்டில் கோ-பைலட்டாக உட்கார்வது உண்மையில் எப்படி இருக்கும்? மனைவி கோவையில் பள்ளி ஆசிரியை, மூத்தவள் பத்தாவது போகிறாள். இதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

மீனம்பாக்கத்தார்:

தம்பி என்றே கூப்பிடுகிறேன், கோர்ஸ் கணக்கில் நான் சீனியராகத்தான் இருப்பேன். நானும் ஏஎன்-32 ஆள். யெலஹங்காவில் அந்த விமானத்துக்கான கன்வர்ஷன் பயிற்சி, அப்புறம் வடக்கு, வடகிழக்கு எல்லாம் சுற்றிவிட்டு, இப்போது சென்னை பேஸில் ஏர்பஸ் ஏ320 கேப்டன்.

வயதை முதலில் பேசிவிடலாம். 42 தாமதம் இல்லை. ஆனால் "இன்னும் ரெண்டு வருஷம் பார்த்துட்டுப் போறேன்" என்று இழுக்காதீர்கள். ஏர்லைனில் 65 வரை பறக்கலாம்; 60 தாண்டிவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவர் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். 23 வருஷம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். விஷயம் என்னவென்றால், அங்கே எல்லாமே சீனியாரிட்டி. கமாண்ட் அப்கிரேடு (கோ-பைலட் கேப்டன் ஆவது), எந்த ஊர் பேஸ், தீபாவளிக்கு லீவு, எல்லாவற்றுக்கும் கம்பெனியில் சேர்ந்த தேதிதான் கணக்கு. நீங்கள் லே-யில் எத்தனை தடவை இறங்கினீர்கள் என்று அந்தப் பட்டியல் கேட்காது. ஆறு மாதம் முன்னால் சேர்ந்த 24 வயதுப் பையன் அந்த ஆறு மாதத்துக்கு உங்களுக்கு சீனியர்தான். அதனால் ஒரு ரேங்குக்காகக் காத்திருப்பது நமக்கு நஷ்டக் கணக்கு.

லே என்றதும் ஞாபகம் வருகிறது. பத்தாயிரம் அடிக்கு மேல் இருக்கிற ஓடுதளம், மத்தியானக் காற்று கிளம்புவதற்குள் காலையிலேயே போய் வந்துவிட வேண்டும், அதெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் ஏர்லைனில் தனிப் பயிற்சி முடித்த கேப்டன்களை மட்டும்தான் அங்கே அனுப்புவார்கள். "நான் ஏற்கெனவே போயிருக்கேன் சார்" என்றால் சிரித்துவிட்டு ரோஸ்டரில் திருவனந்தபுரம் போடுவார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, அவர்கள் முறை அது.

பரீட்சை: சர்வீஸில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். மேலிடத்து அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் எல்லாவற்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். மீட்டியராலஜி நமக்குப் பழக்கம். வழுக்குவது ரெகுலேஷன்ஸில்தான். ராணுவ வான்வெளியில் நமக்கென்று ஒரு பேச்சு, ஒரு நடைமுறை என்று வாழ்ந்துவிட்டோம். சிவில் விதிகளைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். வானொலிக்கான ஆர்டிஆர் பரீட்சையை முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 2025 ஜனவரியில் பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புது விமானச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து அதுவும் டிஜிசிஏ பொறுப்பு. பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

பரீட்சையைவிட முக்கியம் லாக் புக். இந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்குங்கள். ஏடிபிஎல் என்ற ஏர்லைன் கேப்டன் லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள், உங்களுக்கு அது இரண்டு மடங்கு இருக்கிறது. ஆனால் மொத்தத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். கேப்டனாக எவ்வளவு, இரவில் எவ்வளவு, இன்ஸ்ட்ருமெண்டில் எவ்வளவு, கிராஸ் கன்ட்ரி எவ்வளவு என்று பிரித்துக் கேட்பார்கள். நம் லாக் புக்கின் கட்டங்கள் வேறு, அவர்கள் படிவத்தின் கட்டங்கள் வேறு. பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு இரவுப் பறப்பில் கேப்டன் யார், செகண்ட் பைலட் யார் என்று இப்போது உட்கார்ந்து தேடினால் கிடைக்கும். யூனிட்டை விட்டு வந்த பிறகு தேடினால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. இன்னொன்று, சமீபத்தில் பறந்த மணிகளுக்கும் கணக்கு உண்டு. கடைசி வருஷத்தில் ஸ்டாஃப் போஸ்டிங் வந்தால் எப்படியாவது தவிர்க்கப் பாருங்கள்.

இனி வலது சீட். கௌரவப் பிரச்சினையாக இதைப் பார்ப்பவர்கள் அதிகம். எனக்கு அது இரண்டாம் பட்சம். முதல் பிரச்சினை கை! இத்தனை வருஷம் இடது கையில் கண்ட்ரோல், வலது கையில் த்ராட்டில். வலது சீட்டுக்குப் போனதும் அது தலைகீழ். ஏர்பஸ்ஸில் ஸ்டிக் வலது கைப் பக்கம் ஓரமாக இருக்கும், இடது கை த்ரஸ்ட் லீவரில். அந்த ஸ்டிக்கோ ஏஎன்-32 கண்ட்ரோல் மாதிரி கைக்கு எதுவும் சொல்லாது. இன்ஜின் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ரஸ்ட் இருக்கும்போது த்ரஸ்ட் லீவரும் நகராது. இன்ஜின் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வண்டியில் காதே சொல்லிவிடும்.

அடுத்தது இறக்கம். டர்போப்ராப்பில் த்ராட்டிலை இழுத்தால் ப்ரொப்பெல்லரே பிரேக் போட்ட மாதிரி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜெட் அப்படி இல்லை. கீழேயும் இறங்க வேண்டும், வேகமும் குறைய வேண்டும் என்றால் ஏ320 இரண்டையும் ஒன்றாகச் செய்யாது. ஆயிரம் அடி இறங்க மூன்று மைல் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, வேகம் குறைக்கத் தனியாகக் கொஞ்ச தூரம் விட வேண்டும். டிரான்ஸ்போர்ட்டிலிருந்து வருகிற நம் ஆட்கள் சிமுலேட்டரில் முதல் வாரம் எல்லா அப்ரோச்சிலும் உயரமாகவே வந்து நிற்பார்கள். ஃபைட்டர் ஆட்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, அவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில்.

ஏஎன்-32-இல் நேவிகேட்டர் இருக்கிறார், ஃப்ளைட் இன்ஜினியர் இருக்கிறார். இங்கே இருவர்தான், மற்றவர்களின் வேலையைப் பெட்டிகள் செய்கின்றன. ஆனால் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரையின் மேல் ஓரத்தில் மோட் மாறினால் படி, உரக்கச் சொல், மற்றவர் "செக்ட்" என்பார். நம் ஆட்களுக்கு இது முதலில் சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியும். "மனசுக்குள்ளயே பாத்துட்டேன்" என்பது இங்கே செல்லாது. அதைவிட, 30 வயது கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அப்ரோச் சரியாக இல்லையென்றால் "கோ அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலே ஏறு) என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். ரேங்க் பார்த்து வாயை மூடிக்கொண்டு பழகிய நாக்குக்கு அதுதான் பெரிய பயிற்சி. நாளைக்கு நீங்களே கேப்டனானதும், உங்கள் முன்னாள் ரேங்கைப் பார்த்துப் பயந்து அந்தப் பையன் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது என்பதும் உங்கள் வேலையாகிவிடும். நான் ப்ரீஃபிங்கில் "விங் கமாண்டர்" என்ற பேச்சையே எடுப்பதில்லை.

ஒவ்வொரு பறப்பின் டேட்டாவும் இறக்கப்பட்டு ஆராயப்படும் என்பதையும் மனதில் வையுங்கள். வேகம் கொஞ்சம் கூடினாலும், கொஞ்சம் அழுத்தமாக இறங்கினாலும் ஃபோன் வரும். நம்மைத் திட்டுவதற்கு அல்ல. ஆனால் முதல் தடவை வரும்போது அப்படித்தான் இருக்கும்.

பங்கா_மாமா:

அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். இதைப் படிக்கிற எம்ஐ-17 ஹெலிகாப்டர் தம்பிகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஹெலிகாப்டர் மணிகள் விமானக் கணக்கில் அப்படியே சேராது. பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் பயிற்சிக் காலத்தில் பறந்தது போக, மீதியை ஃப்ளையிங் ஸ்கூலில் சொந்தக் காசில்தான் சேர்க்க வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஹெலிகாப்டரிலேயே நின்றுவிட்டேன். மும்பை ஹை எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேலை. அதிலும் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் நிறைய.

அரக்கோணத்துக் கடற்படை நண்பர்கள் சிலர் "நம் பி-8ஐ ரோந்து விமானமும் போயிங் 737 உடம்புதானே, ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) தானாக வந்துவிடும்" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிமுலேட்டரில் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் லைசென்ஸில் 737 ஏறுவதற்குக் கோர்ஸும் ஸ்கில் டெஸ்டும் வேண்டும்.

ஹேமா_குவார்ட்டர்ஸ்:

நான் பைலட் இல்லை, பைலட்டின் மனைவி. இங்கே யாரும் வீட்டுப் பக்கம் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

என் கணவர் வெளியே வந்து ஏர்லைனில் சேர்ந்தபோது முதல் பேஸ் டெல்லி. கேட்டது சென்னை. சூலூரிலோ கோவையிலோ இருந்துகொண்டே வேலை பார்க்கலாம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போதுதான் இத்தனை வருஷம் வாடகை என்ற ஒன்றே தெரியாமல் இருந்தோம் என்று புரிந்தது. பென்ஷன், மருத்துவ வசதி, கேன்டீன் கார்டு தொடரும், அது பெரிய ஆறுதல். ஆனால் டைப் ரேட்டிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, முதல் சம்பளம் வருவதற்குள் ஒரு நீண்ட இடைவெளி வரும். கம்யூட்டேஷன் பணத்தை (பென்ஷனில் ஒரு பகுதிக்குப் பதிலாக மொத்தமாக வருவது) அதற்கென்று தனியாக வைத்துவிடுங்கள், அதில் மனை வாங்காதீர்கள்.

பெண்ணுக்குப் பத்தாவது என்றால், என் யோசனை: உங்கள் மனைவி வேலையை விட வேண்டாம். கோவையிலேயே இருக்கட்டும், நீங்கள் போய் வாருங்கள். ஆஃப் நாளில் ஸ்டாண்ட்பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம், சீட் இருந்தால்! அவர் ஃபைட்டர், ஃபார்வர்டு பேஸ் என்று இருந்தபோது நாங்கள் பழகியதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்புகிறார், மறுநாள் பகலில் வீட்டில் யாரும் மிக்ஸி போடக் கூடாது.

சூலூர்வாசி:

மிக்க நன்றி. மூன்று பேர் சொன்னதையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "மனை வாங்காதீர்கள்" என்ற இடத்தில் மட்டும் என்னைப் பார்த்தாள். ஏற்கெனவே அன்னூர் பக்கம் ஒன்று பார்த்து வைத்திருந்தோம்.

மீனம்பாக்கத்து அண்ணா, இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லையென்றால் மாறுவது சுலபமா? மெடிக்கலில் நம்மவர்கள் எதில் மாட்டுகிறார்கள்?

மீனம்பாக்கத்தார்:

மாறுவது சுலபம் இல்லை. 2017 விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருஷம் நோட்டீஸ். அதற்கு மேல் பயிற்சிக்கான பாண்ட் (ஒப்பந்தப் பத்திரம்) வேறு இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் பாண்டை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். சின்ன ஃபீஸில் முடிகிற வேலை. மாறினால் சீனியாரிட்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து என்பதை மறக்க வேண்டாம். அதனால் முதல் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போதே அவர்களிடம் எத்தனை விமானம் ஆர்டரில் இருக்கிறது, உங்களுக்கு முன்னால் எத்தனை கோ-பைலட் வரிசையில் இருக்கிறார்கள் என்று அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். ஹெச்.ஆர். சொல்வது போதாது.

மெடிக்கலில் பிரஷர், சர்க்கரை எல்லோருக்கும் பொது. நமக்கென்று தனியாக வருவது காது. ஏஎன்-32 இரைச்சலில் இத்தனை வருஷம் உட்கார்ந்த காது, மேல் ஸ்தாயியில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். சர்வீஸ் மெடிக்கலில் தேறியதை வைத்து நம்பிவிடாதீர்கள், டிஜிசிஏ கிளாஸ் 1 தனி. பெங்களூரு ஐஏஎம் (விமானப்படையின் வான்மருத்துவ நிலையம்) நமக்குத் தெரிந்த இடம்தான், ஆனால் அங்கே போய் நிற்பதற்கு முன் கோவையிலேயே ஒரு ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். ரிசல்ட் சரியாக இல்லையென்றால் சர்வீஸை விட்டு விலக பேப்பர் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், மௌத்வாஷ் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பறப்பதற்கு முன் ஊதிக் காட்ட வேண்டும், அளவு பூஜ்யம்தான். ஆல்கஹால் கலந்த மௌத்வாஷ், டூத் ஜெல் எதுவும் கூடாது என்று 2023-இல் விதியிலேயே எழுதிவிட்டார்கள்.

அன்னூர் மனையைப் பற்றி ஹேமாம்மா சொன்னதைக் கேளுங்கள்.