தெருமுனையில் வால் தெரிந்தாலே எகிறுகிறான்: உங்கள் அனுபவம்?

கருப்பன் அப்பா, மதுரை:
எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு மூன்று வயது. வீட்டுக்குள் பூனை மாதிரி சுருண்டு கிடப்பான். கேட்டைத் தாண்டினால் வேறு ஆள். தூரத்தில் ஒரு நாயின் வால் தெரிந்தால் போதும், காது விறைக்கும், இரைத்துக்கொண்டிருந்த வாய் மூடிக்கொள்ளும். அடுத்த நொடி பின்னங்காலில் நின்று கத்துவான்.

ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிப் பிடித்து, "டேய், சும்மா இருடா" என்று நானும் கத்துவேன். நாய் வந்தால் கழுத்து நெரியும் என்று கணக்குப் போட்டுவிட்டான் போல. ஒருநாள் டீக்கடைப் பக்கம் இரண்டு தெருநாய்கள் வர, முன்னால் பாயாமல் பின்னால் இழுத்தான். பெல்ட் காதைத் தாண்டிக் கழன்று என் கையில் தொங்கியது. இந்த ஜாதிக்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே பருமன், சாதாரண பெல்ட் நிற்காது. நல்லவேளை, நேரே வீட்டுக்கு ஓடி கேட்டில் நின்றான்.

இப்போது ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் வார், நெஞ்சில் வளையம் உள்ளது. பையில் அவித்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கியது. நாயைப் பார்த்ததும், குரைக்கும் முன்பே ஒரு துண்டு. வாங்காவிட்டால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம். திரும்பி நடையைக் கட்டுவேன். முப்பது அடி தூரத்தில் ஆரம்பித்தோம், நாலு மாதத்தில் பன்னிரண்டுக்கு வந்திருக்கிறோம். ஆட்டைப் பார்த்தால் மட்டும் அவனுக்கு ஈரலும் தெரியாது, நானும் தெரியாது.

டைகர் அம்மா, சென்னை:
எங்கள் லாப்ரடாருக்குக் கோபமே இல்லை. விளையாட விடவில்லையே என்ற ஆத்திரம்தான், ஆனால் சத்தம் அதேதான். எனக்குச் சிக்கல், தெருநாய்கள் தூரமே தருவதில்லை, அதுவாகக் கிட்டே வரும். இப்போது நிறுத்தியிருக்கும் கார் மறைவில் புகுந்துவிடுவேன். ஒரு கை பிஸ்கட்டை அவை பக்கம் தரையில் இறைத்தால் அவை பொறுக்கி முடிப்பதற்குள் தாண்டிவிடலாம். விடியற்காலை ஐந்து மணி வாக்கிங்கை விட்டுவிட்டேன். ஆளில்லாத ரோட்டில் ராஜ்ஜியமே அவற்றுடையதுதான்.

மணி, திருச்சி:
அண்ணா, குரைக்கிற நாய்க்கு ஈரல் கொடுத்தால் குரைப்புக்குக் கூலி ஆகிவிடாதா?

கருப்பன் அப்பா:
எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது தம்பி. குரைக்க ஆரம்பித்துவிட்டால் மூக்கில் தேய்த்தாலும் சாப்பிட மாட்டான். நாய் தெரிந்தால் ஈரல் வரும் என்று அவன் மனதில் பதிய வேண்டும், அவ்வளவுதான். நேற்று எதிர்வீட்டு பொமரேனியனைப் பார்த்துவிட்டு, குரைக்காமல் என் பாக்கெட்டைத் திரும்பிப் பார்த்தான்.