டீச்சர், எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?

வியாசர்பாடி டீச்சர்:

17 வருடமாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ரயில் பாதை. வண்டி போகும்வரை பேச்சை நிறுத்தலாம்தான். ஆனால் ஒன்று போனால் அடுத்தது வந்துவிடுகிற இடத்தில் எத்தனை முறை நிறுத்துவது?

போன ஆடியில் குரல் கட்டியது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று வாரமாகியும் திறக்காததால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாண் இரண்டிலும் சின்னக் கணு வந்திருக்கிறது என்றார். "பாடுறவங்களுக்கும் டீச்சருங்களுக்கும் வர்றதுதாம்மா. ரெண்டு வாரம் பேசாதீங்க. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்." அப்புறம் கேட்டார்: "ஸ்கூல்ல எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

முழித்தேன். காலையில் வீட்டில் ஒரு காபி, அதன் பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். குடித்தால் போக வேண்டுமே! 12 பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி காவல் நிற்க வேண்டும். வெட்கத்தை விட்டு இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொண்டை காய்ந்தால் குரல் நாணும் காயும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

குரல் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்னால்தான், யோகா தினமான ஜூன் 21 அன்று, எங்களைத் தார்ப்பாயில் உட்காரவைத்து யோகா சொல்லிக்கொடுத்தார்கள். குறை சொல்லவில்லை, முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது. முடிந்ததும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். எங்களில் ஒருத்தியும் அதைத் திறக்கவில்லை.

எச்.எம். அம்மாவிடம் பேச முடியாமல் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "எனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்க" என்றார். மறுநாளே தாழ்ப்பாள் வந்தது, 80 ரூபாய். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு அடைத்திருந்த இன்னொரு கழிப்பறையையும் திறந்துவிட்டார்கள். தொடர்ந்து மூன்று பீரியட் யாரும் பேசாதபடி கால அட்டவணையும் மாறியது. இடுப்பில் கட்டும் மைக்கை மட்டும் என் காசில் வாங்கினேன். முதல் நாளே ஒரு வாண்டு, "மிஸ், பழைய இரும்பு வண்டி மாதிரியே இருக்கு" என்றது.

ராயபுரம் கிளார்க்:

நான் வாத்தியார் இல்லை, அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்களுக்குச் சர்க்கரை, பிரஷர் பார்க்க முகாம் போட்டார்கள், நல்ல காரியம். ஆனால் கருவி வைத்திருந்த தம்பி ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சாருக்கு 160க்கு 100" என்று சத்தம் போட்டான். அன்றிலிருந்து எனக்கு "பிபி சார்" என்று பெயர். அடுத்த முகாமன்று பாதிப் பேர் லீவு. பிறகு சூப்பரின்டென்டென்ட் அம்மாதான் ரெக்கார்டு ரூமில் திரை கட்டி, சீட்டை மடித்துக் கையில் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதற்கப்புறம் எல்லாரும் வந்தார்கள். 140க்கு 90ஐத் தாண்டினாலே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கே அங்கேதான் தெரிந்தது. மாத்திரை ஓடுகிறது. பெயர்தான் இன்னும் மாறவில்லை.

எண்ணூர்ப் பொண்ணு:

நானும் டீச்சர்தான். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்து சுவரில் கோடு போட்டுவிட்டுப் போனது. பள்ளி திறந்ததும் எந்தப் பிள்ளைக்குப் புத்தகம் போயிற்று என்று கணக்கெடுத்தேன். என் வீடு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அதற்கப்புறம் ராத்திரியில் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் இரண்டு மணிக்கு 14416க்கு அடித்தேன். டெலி மானஸ், மனசு சரியில்லாதவர்களோடு பேசுகிற அரசு உதவி எண், காசு கிடையாது. தமிழிலேயே பேசினார்கள். அழுது முடிக்கும்வரை அந்தப் பக்கம் இருந்தவர் போனை வைக்கவில்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பக்கத்து நாற்காலி அக்கா, "எனக்கும் தூக்கமே இல்லடி" என்றார்.

வியாசர்பாடி டீச்சர்:

எண்ணூர்ப் பொண்ணு, நீ சொன்ன நம்பரை இன்று எழுதி ஒட்டிவிட்டேன். ஸ்டாஃப் ரூம் போர்டில் இல்லை, அங்கே நின்று படித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம். தாழ்ப்பாள் போட்டால்தான் கண்ணில் படும்.