‘கொடைக்கருவி’ என்ற ஒரு சொல் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இணையவழி நன்கொடை அளிப்பவர் அதைக் கணினியில் அளிக்கிறாரா, கைப்பேசியிலா, பலகைக்கணினியிலா என்று பிரித்தறிவதற்காகச் சென்ற மடலில் முன்வைக்கப்பட்ட ‘கொடைக்கருவி’ என்ற சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஓசை நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அதை ஏற்கத் தயங்குகிறேன். அந்தச் சொல் சுட்ட வேண்டிய பொருள் ஒன்றல்ல, இரண்டு என்பதே காரணம்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் பிள்ளைகளுடைய படிப்புக்காக நடக்கும் சிறு அறக்கட்டளை ஒன்றின் கணக்கை நான் எழுதி வருகிறேன். சென்னையில் அலுவலகக் கணினியில் எங்கள் பக்கத்தைத் திறக்கும் ஒருவருக்குத் திரையில் யூபிஐ க்யூஆர் கட்டம் தோன்றுகிறது. அவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அதை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணை அழுத்திப் பணத்தை அனுப்பிவிடுகிறார். எங்கள் வலைப்பக்கக் கணக்கில் அவர் ‘கணினி’. பணம் புறப்பட்டதோ கைப்பேசியிலிருந்து. இதற்கு நேர்மாறாக, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைக் கைப்பேசியில் படித்துவிட்டு, தொகை பெரியது என்பதால் வீட்டுக்குப் போய் மடிக்கணினியில் நெட் பேங்கிங் வழியாக அனுப்புவோரும் உண்டு. இந்த இரண்டு பேரையும் ‘கொடைக்கருவி’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதினால், பக்கத்தை எந்தத் திரைக்கு ஏற்றபடி திருத்துவது என்ற கேள்விக்குத் தவறான விடைதான் கிடைக்கும்.

கருவியைக் கண்டறியும் முறையும் அப்படியொன்றும் உறுதியானதல்ல. உலாவி தன்னைப் பற்றி அனுப்பும் அறிமுக வரியைப் படித்துத்தான் வகை பிரிக்கிறார்கள். (‘யூசர் ஏஜென்ட்’ என்ற அதன் ஆங்கிலப் பெயரைப் ‘பயனர் முகவர்’ என்று மொழிபெயர்த்தவர் எல்ஐசி முகவரை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.) 2019-இல் வந்த ஐபேடுஓஎஸ் 13 முதல் ஐபேடின் சஃபாரி உலாவி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோமோ, மாடல் பெயரை மறைத்து ‘கே’ என்ற ஓர் எழுத்தை மட்டும் தருகிறது. ஐபேடுகள் இப்படிக் கணினிக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், பலகைக்கணினி என்ற வரிசையில் விழும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘வழங்குகருவி’ வேண்டாம், ‘வழங்கி’ ஏற்கெனவே சர்வரைக் குறிக்கிறது. ‘ஈகைக்கருவி’ அழகுதான், ஆனால் ஈ, தா, கொடு என்ற மூன்றில் ‘ஈ’ தாழ்ந்தவர் இரந்து கேட்பது என்றும், ‘கொடு’ உயர்ந்தவர் கேட்பது என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாறையில் கையைக் கிழித்துக்கொள்ளும் பெண்களுக்காகக் கேட்கும்போது ‘ஈ’ என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

‘செலுத்துகருவி’ என்று எழுதி எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டினேன். பாசி மூட்டையை இறக்கிவிட்டு வந்த அக்கா ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, “வள்ளத்துக்கு எஞ்சின் வாங்குறீகளா தம்பி?” என்றார். அன்றே கிழித்துவிட்டேன். பக்கத்தைப் பார்த்த கருவிக்குப் ‘பார்கருவி’ என்பதும் இங்கே எடுபடாது, மன்னார் வளைகுடாக் கரையில் ‘பார்’ என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு.

எழுதுகோல், ஊதுகுழல் போன்ற வினைத்தொகைகளின் வழியில், பக்கத்தைத் திறந்து படித்த கருவிக்குக் ‘காண்கருவி’ என்றும், பணம் புறப்பட்ட கருவிக்குக் ‘கொடுகருவி’ என்றும் இரு சொற்களை முன்வைக்கிறேன். கொடுவாளை நினைவூட்டுகிறதே என்று யாரேனும் சொல்லக்கூடும். கொடிய கருவி என்றால் ‘கொடுங்கருவி’ என்று மெல்லெழுத்து மிகும் என்பதே என் விடை, அது முழு விடையல்ல என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் கொடையை ‘ஒருகருவிக் கொடை’ என்றும், வேறுபடுவதை ‘இருகருவிக் கொடை’ என்றும் எழுதலாம்.

எங்கள் பதிவேட்டில் காண்கருவியை உலாவியின் வரியிலிருந்தும், கொடுகருவியைப் பணம் வந்த வழியை வைத்தும் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். யூபிஐ என்றால் கைப்பேசி என்று கொள்ளலாம், நெட் பேங்கிங் என்றால் வெற்றிடமாக விட்டுவிடுகிறேன். அந்த வெற்றிடத்தில் ‘அறியப்படாதது’ என்று எழுதுவதா, ‘பதிவின்மை’ என்று எழுதுவதா என்பதையும் நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து