ராயபுரத்தில் மெட்ராஸ் டெரஸ் வீடு விற்பனைக்கு: வீடாகவே வாங்க ஆள் உண்டா?

காவித்தரை (கேள்வி)

தாத்தா வீட்டை விற்கப்போகிறோம். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டிய பழைய தளம். ராயபுரம், கல்மண்டபத்திலிருந்து கடல் பக்கம் போகும் சிறு தெரு. 18 அடி அகலம், 90 அடி நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதற்குப் பின்னால் இரண்டு அறைகள், சமையலறை, கிணறு என்று ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தரை சிவப்புக் காவி. ஐம்பது வருடம் தேய்த்துத் துடைத்ததில் கூடத்தில் முகம் தெரியும்.

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியதும் பட்டணத்தை விட்டுப் பலர் மூட்டை கட்டினார்கள் அல்லவா? அப்படி ஓடிய ஒருவரிடம் கொள்ளுத்தாத்தா மறுவருடமே இந்த வீட்டை வாங்கிவிட்டார். ஊர் பயந்த நேரத்தில் விலை பேசியவர். அவரும் சரியான எம்டன்தான்.

இப்போது வாரிசுகள் நான்கு பேர். தம்பி ஒரு விளம்பரம் எழுதினான்: "ராயபுரத்தில் 1620 சதுர அடி மனை. பழைய கட்டடம், இடித்துக் கட்டத் தக்கது." அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பில்டர் வந்தார். திண்ணையைத் தாண்டவில்லை. நாடாவைப் பிடித்து அகலத்தை அளந்தார். "கட்டடத்துக்கு மதிப்பு ஒன்றும் கிடையாது, இடிக்கும் செலவை நான்தான் கழித்துக்கொள்ள வேண்டும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "உத்தரமெல்லாம் பர்மா தேக்குதானே?" என்று கேட்டார். மதிப்பில்லாத கட்டடத்தில் தேக்கைப் பற்றி மட்டும் எதற்கு அக்கறை?

கூடத்தின் ஒரு மூலையில் மழைக்கு ஒழுகுகிறது. பார்த்த பொறியாளர், மேல்தளத்தை மொத்தமாகப் பிரித்து கான்கிரீட் போடச் சொல்கிறார். வேறு வழி இல்லையா? இதை வீடாகவே வாங்க ஆள் கிடைப்பார்களா? விளம்பரத்தில் என்ன எழுதுவது?

சுண்ணாம்புச்செக்கு

அம்மா, அந்தப் பொறியாளர் மாடி ஏறிப் பார்த்தாரா? கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

என் அப்பா தண்டையார்பேட்டையில் கொத்தனார். பள்ளி விடுமுறையில் அவரோடு தளம் தட்டப் போயிருக்கிறேன். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஓர் அடி, ஒன்றரை அடி இடைவெளியில் வைப்பார்கள். அதன்மேல் ஓர் அங்குலக் கனத்தில் மெல்லிய செங்கல். அதைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. முதல் மூலையில் வைத்த கல்லை அடுத்த கல் பிடித்துக்கொள்ளும், அதை அதற்கடுத்தது. உங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டு மேலே பாருங்கள், பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் சாய்வாக ஓடுவது தெரியும்.

அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும். பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு ஒரே தாளத்தில் தட்டுவார்கள். எத்தனை நாள் என்று அப்பா கணக்கு வைத்ததே இல்லை. மதமதவென்று கேட்ட சத்தம் கணீரென்று மாறினால்தான் "போதும்" என்பார். கடைசியில் தட்டையான ஓடு இரண்டு வரிசை பதிப்பார்கள்.

இப்படிப்பட்ட தளம் நடுவில் சும்மா ஒழுகாது. மூன்று இடங்களைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் விளிம்பு. மழைநீர் இறங்கும் குழாயின் வாய். மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் அதன் அடி. 1000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன். அந்தப் பாரத்தை நினைத்து யாரும் அந்தக் கட்டைகளை வைக்கவில்லை.

கட்டை முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த நுனியில்தான். சாக்குத் தைக்கும் கோணூசியால் குத்திப் பாருங்கள். நங்கென்று நின்றால் நல்லது. வெண்ணெய்போல் இறங்கினால் அந்த ஒரு கட்டைக்கு முட்டுக் கொடுத்து, அந்த இடத்தை மட்டும் பிரித்துக் கட்டலாம். சேப்பாக்கத்தில் கலச மகால் 2012இல் தீப்பிடித்து மேல்தளம் போனதே, பொதுப்பணித் துறை அதையே சுண்ணாம்பும் கடுக்காயும் கொண்டு பழைய முறையில் மீட்டது. உங்கள் மூலை அதைவிட மோசமாக இருக்காது.

இன்னொன்று: சுவரில் எங்கேயாவது சிமென்ட் பூசியிருக்கிறீர்களா? கடலோர வீட்டில் தரையிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். ஆட்கள் அதற்கு மேல் இன்னொரு கை சிமென்ட் பூசுவார்கள்!

மூலப்பத்திரம்

நான் பத்திரம் எழுதுகிறவன். தேக்கு, கடுக்காய் எல்லாம் இருக்கட்டும். மனை உங்களுடையதா? அந்தப் பக்கத்தில் சில வீடுகளுக்குக் கட்டடம்தான் சொந்தம், அடிமனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ உரியது. 1915 பத்திரத்தில் "மனையும் கட்டடமும்" என்று இருக்கிறதா, "கட்டடம்" மட்டுமா என்று முதலில் பாருங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். வாரிசுகள் நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்டிக்கொடுத்த சகோதரிகள் உட்பட.

பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் பொதுச்சுவரா? 18 அடி வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு வீட்டுக் கட்டைகளும் ஒரே சுவரில் நுனி வைத்திருக்கும். இடிக்க வருகிற பில்டர் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போடும்போது உங்கள் பெயரும் அதில் இருக்கும்.

ஈஸ்ட்வெஸ்ட்

என் மருமகன் அமெரிக்காவில், லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில் இருக்கிறான். அவன் தெருவில் ஒரு கிரியோல் காட்டேஜ் (அந்த ஊர்ப் பழைய பாணிச் சிறு வீடு) விற்பனைக்கு வந்தபோது விளம்பரத்தைத் தொலைபேசியில் படித்துக் காட்டினான். படுக்கையறை எத்தனை என்பதற்கு முன்பே சுவரைப் பற்றித்தான் எழுதியிருந்தார்களாம்: நிறுத்திய மரக் கம்பங்களுக்கு நடுவே செங்கல் அடைத்தது என்று. அந்த மாநிலத்தில் அதைவிடப் பழைய வீடுகளில் செங்கல்கூடக் கிடையாது. மரக்கிளையில் தாடிபோல் தொங்கும் ஒரு செடியை மண்ணோடு பிசைந்து அடைத்திருப்பார்களாம். நடைவழி இல்லை, நான்கு அறைகளும் ஒன்றுக்குள் ஒன்று திறக்கும். உயரமான மரக்கதவுகள் நேரே தெருவைப் பார்க்கும், கூரை விளிம்பு நடைபாதை மேல் நீண்டு நிழல் தரும்.

நம் வீட்டுத் திண்ணை கேட்டால் வருத்தப்படும். செங்கல் அடைத்த சுவருக்கு அங்கே இரண்டு பத்தி, பர்மா தேக்குக்கு இங்கே "இடித்துக் கட்டத் தக்கது". உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

கிணற்றடி

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இப்படி ஒரு வீட்டில் 31 வருடம் குடித்தனம் செய்தவள். மே மாதம் மின்விசிறி இல்லாமல் கூடத்தில் தூங்கலாம், அது உண்மை. கழிப்பறை கிணற்றுக்கு அப்பால் இருந்ததும் உண்மை. மழையில், இரவில், எழுபது வயது மாமியாரைக் கைப்பிடித்து அழைத்துப் போனதும் நான்தான். வீடாக வாங்க வருகிறவருக்கு இதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் அவரும் பில்டரைத் தேடுவார்.

காவித்தரை

எல்லாருக்கும் நன்றி. கிணற்றடி அம்மா, எங்கள் வீட்டிலும் அதே கழிப்பறைதான். அதை எழுதிவிட்டேன்.

நேற்று மாடி ஏறினோம். ஒழுகும் மூலைக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டி! 2003இல் நானே பக்கத்தில் நின்று வைக்கச் சொன்னது. இருபது வருடமாக மழையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தண்ணீரை வடித்துத் தொட்டியை இறக்கியாகிவிட்டது. கூடத்தில் பதினொரு கட்டைகளைக் கோணூசியால் குத்தினேன், இரண்டில் இறங்கியது. பத்திரத்தில் "மனையும் கட்டடமும் கிணறும்" என்று தெளிவாக இருக்கிறது. வடக்குச் சுவர் பொதுச்சுவர்தான், பக்கத்து வீட்டு அண்ணனே ஒத்துக்கொண்டார்.

புது விளம்பரம் இது: "ராயபுரத்தில் 1915க்கு முன் கட்டிய வீடு, 18க்கு 90. தேக்குக் கட்டையில் மெட்ராஸ் டெரஸ் தளம், சுண்ணாம்புச் சுவர், திண்ணை, முற்றம், வற்றாத கிணறு. கூடத்தில் இரண்டு கட்டைகள் மாற்ற வேண்டும். வடக்கே பொதுச்சுவர். கழிப்பறை வீட்டுக்குள் இல்லை. குடியிருக்க வாங்குபவருக்கு முன்னுரிமை." தம்பி படித்துவிட்டு, "இதைப் பார்த்து யாரும் வரமாட்டார்கள், வந்தால் அவர் உன்னைப் போன்றவராக இருப்பார்" என்றான். மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் விளம்பரம்தான்.

சுண்ணாம்புச்செக்கு

அந்த இரண்டு கட்டைகளை நான் ஒருமுறை பார்க்கலாமா அம்மா? ஞாயிறு காலை வருகிறேன். காசு வேண்டாம், தளம் தட்டிய சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

காவித்தரை

தாராளமாக வாருங்கள் ஐயா. ஏணி இருக்கிறது. ஐந்தாவது படியில் மட்டும் கால் வைக்காதீர்கள், அது தேக்கு இல்லை.