பிஆர்டி தடத்தை நீட்டிக்கப் போகிறார்கள், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது?

ஜன்னலோரம் கேட்டது:

பிஆர்டி, அதாவது சாலை நடுவில் பஸ்ஸுக்கென்றே பிரித்துவிட்ட தனித்தடம். அதன் கடைசி நிறுத்தத்தில் ஏறி அலுவலகம் போகும் ஆள் நான். ஏழு வருடமாக இதே வழி. இப்போது அந்தத் தடத்தை இன்னும் 4 கி.மீ. நீட்டிக்கப் போகிறார்கள். வியாழக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இரண்டாகப் பிளந்துவிட்டது. "வாசலுக்கே பஸ் வருகிறது, வேண்டாம் என்பார்களா?" என்று ஒரு கட்சி. "இருக்கிற சாலையில் பாதியைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு நாம் எதில் போவது?" என்று இன்னொரு கட்சி. நேற்று இரவு ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்.

நான் ஆதரவுக் கட்சிதான். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. இப்போது காலி பஸ்ஸில் ஏறிப் பிடித்த இருக்கையில் உட்காருகிறேன். நீட்டித்துவிட்டால் பஸ் நிரம்பித்தான் வரும். சரி, அதை விடுங்கள்.

என் சந்தேகம் வேறு. நோட்டீஸில் உள்ள வரைபடத்தில் பழைய தடம் தடித்த பச்சைக் கோடு. புதிய பகுதியில் முதல் ஒன்றரை கி.மீ. பச்சை, அப்புறம் வெறும் புள்ளிக்கோடு. கீழே எறும்பு எழுத்தில் "கலப்புப் போக்குவரத்து" என்று போட்டிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு இரண்டு நிமிடம்தான் பேசக் கிடைக்கும்.

மூன்றாம்மாடி:

டெல்லியைப் பாருங்கள். 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கி.மீ. போட்டார்கள், 2016இல் பெயர்த்தெடுத்தார்கள். காலியான பஸ் தடத்தைப் பார்த்துக்கொண்டே காரில் நிற்பவனுக்கு எரியுமா எரியாதா? இரண்டு நிமிடம் எதற்கு, "வேண்டாம்" என்று ஒரு சொல் போதும்.

ஸ்டியரிங்:

மூன்றாம்மாடி சார், டெல்லியில் தோற்றது உண்மை. ஆனால் ஏன் தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா? நிறுத்தங்களைச் சிக்னலை ஒட்டி வைத்தார்கள். நடுவில் பஸ் நேரே போக வேண்டும், பக்கத்துத் தடத்துக் கார் அதைக் குறுக்கே வெட்டி வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஆளுக்கொரு பச்சை கொடுத்துக் கொடுத்துச் சிக்னல் சுற்று நீண்டுபோனது. போதாததற்கு எல்லா பஸ்ஸும் உள்ளே வரலாம். 2012இல் வழக்குப் போட்டபோதுகூட உயர் நீதிமன்றம் தடத்தை எடுக்கச் சொல்லவில்லை, மனுவைத்தான் தள்ளுபடி செய்தது. அகமதாபாத்தில் 2009இல் ஜன்மார்க் என்ற பிஆர்டி வந்தது. அதற்கென்று தனி பஸ், டிக்கெட் நிலையத்திலேயே, பஸ் தரையும் நடைமேடையும் ஒரே மட்டம். அது நின்று ஓடுகிறது.

ஜன்னலோரம், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் ஒன்பது வருடம் இப்படி ஒரு தடத்தில் பஸ் ஓட்டியவன். இப்போது டெப்போவில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். புள்ளிக்கோடு என்றால், அங்கிருந்து தனித்தடம் கிடையாது, காரோடும் ஆட்டோவோடும் பஸ்ஸும் முண்டிக்கொண்டு போக வேண்டும் என்று அர்த்தம். எங்கள் தடத்தையும் கடைசி மூன்று கி.மீ. இப்படித்தான் நீட்டித்தார்கள். புதிய பகுதியில் ஏறுபவர்களுக்குச் சிரமம் என்று நினைப்பீர்கள். அதைவிடப் பெரிய அடி பழைய பயணிகளுக்குத்தான்.

எப்படி என்று சொல்கிறேன். 5 நிமிடத்துக்கு ஒரு பஸ். நான் அந்த மூன்று கி.மீ.யில் மாட்டி 4 நிமிடம் தாமதமாகத் தனித்தடத்துக்குத் திரும்புகிறேன். நிறுத்தத்தில் எனக்காக இரட்டிப்புக் கூட்டம். ஏறி இறங்கவே நேரமாகிறது, இன்னும் தாமதம். எனக்குப் பின்னால் வருபவனுக்கு ஆளே இல்லை, நிற்காமல் வந்து என்னை ஒட்டிக்கொள்வான். கண்ணாடியில் பார்த்தால் அவன் முகம் தெரியும், இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். அவன் பஸ்ஸில் நாலு பேர், என் பஸ்ஸில் கதவு மூடவில்லை. திட்டு எல்லாம் எனக்கு.

கூட்டத்தில் பஸ் எண்ணிக்கையைக் கேளுங்கள். பேச்சுக்கு, இப்போது போய்வர 80 நிமிடம், 5 நிமிட இடைவெளி என்று வையுங்கள், 16 பஸ் வேண்டும். நீட்டித்ததும் போய்வர 110 நிமிடம் என்றால் 22 பஸ். அந்த ஆறு பஸ் திட்டத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் 5 நிமிடம் ஏறக்குறைய 7 ஆகும். ரிப்பன் வெட்டும் அன்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் கதவு. உங்கள் பஸ்ஸுக்குக் கதவு எந்தப் பக்கம்?

பூவரசு:

கதவு என்றதும் எழுதத் தோன்றியது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து பிஆர்டியில்தான் கூட்டிப்போகிறேன். நடைமேடையிலிருந்து தள்ளினால் சக்கரம் லேசாகத் தட்டும், அவ்வளவுதான், உள்ளே போய்விடும். யாரையும் கைபிடிக்கக் கூப்பிட வேண்டியதில்லை. புள்ளிக்கோட்டுப் பகுதியில் நடைமேடை இருக்குமா, இல்லை சாலையோரம் நின்று படி ஏற வேண்டுமா?

ஸ்டியரிங்:

அதேதான் நானும் சொல்ல வந்தேன், அம்மா. நடு நடைமேடைக்கான பஸ்ஸில் வலப்பக்கம் கதவு, தரையும் உயரம். சாலையோர நிறுத்தம் இடப்பக்கம். ஒன்று அங்கேயும் நடைமேடை கட்ட வேண்டும், அல்லது இரு பக்கமும் கதவும் படியும் வைத்த பஸ் வாங்க வேண்டும். படி என்றால் உங்கள் அம்மாவால் ஏற முடியாது. துருக்கியின் இஸ்தான்புல் வலப்பக்கம் ஓட்டுகிற ஊர். அங்கே மெட்ரோபஸ் என்கிற பிஆர்டியை மட்டும் இடப்பக்கமாக எதிர்த்திசையில் விடுகிறார்கள். காரணம் இந்தக் கதவுதான். அந்தத் தடம் 2009இல் பாஸ்பரஸ் பாலத்தைத் தாண்டி ஆசியக் கரைக்குப் போனது. பாலத்தின் மேல் மட்டும் தனித்தடம் இல்லை. மற்ற இடங்களில் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம்மாடி:

தடம் முழுக்கத் தனியாக இருந்தால் எங்களுக்கு இன்னும் மோசம். புள்ளிக்கோடே தேவலை.

ஸ்டியரிங்:

சார், உங்கள் கார் முன்னால் 18 மீட்டர் பஸ் ஒன்று குறுக்கே நகரும்போது இதையே சொல்வீர்களா பார்ப்போம். ஜன்னலோரம், கூட்டத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். புள்ளிக்கோடு தொடங்கும் சந்திப்பில் காலை எட்டரைக்குப் போய், கையில் கடிகாரத்தோடு அரை மணி நேரம் நில்லுங்கள். அங்கே ஏதாவது ஒரு சாதாரண பஸ் எத்தனை பச்சைக்குப் பிறகு தாண்டுகிறது என்று எண்ணுங்கள்.

ஜன்னலோரம்:

இன்று போனேன். டீக்கடைக்காரர் என்னை டிராஃபிக் போலீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார். ஒரு பஸ் மூன்றாவது பச்சையில்தான் தாண்டியது. என் கடிகாரத்தில் ஆறு நிமிடம் இருபது நொடி. பூவரசு சொன்ன படியையும் இந்த ஆறு நிமிடத்தையும்தான் பேசப் போகிறேன். "நீட்டியுங்கள், ஆனால் பச்சைக் கோட்டோடு நீட்டியுங்கள், இல்லையென்றால் பச்சை முடியும் இடத்தோடு நிறுத்துங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்குள் வருகிறது.

ஸ்டியரிங்:

அந்த பஸ்ஸுக்குப் பின்னால் அதே எண் பஸ் வந்து நின்றதா?

ஜன்னலோரம்:

இரண்டு நின்றன, அண்ணா. கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் எல்லாமே காலி.