மேடைப்பேச்சை நம்பி வேலையை விடலாமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கொழிஞ்சாம்பாறையான்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் தமிழும் வரலாறும் கற்பித்து வருகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே பட்டிமன்றங்களில் பேசுகிறேன். பொள்ளாச்சி, உடுமலை, கிணத்துக்கடவுப் பக்கத்துக் கோயில் விழாக்களுக்கு ஓர் அணியோடு செல்வேன். கேரளப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் அழைப்பு வரும். இதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். வீட்டிலும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

என் தயக்கமெல்லாம் காலத்தைப் பற்றியதுதான். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் ஓண விழாக்கள் நின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வாளையாறு, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் எல்லை வழிகள் அடைபட்டபோது, பங்குனிக்கும் சித்திரைக்கும் கொடுத்திருந்த தேதிகள் அனைத்தும் கைவிட்டுப் போயின. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்த பிறகு, அரசின் ஓண வாரக் கொண்டாட்டம் கைவிடப்பட்டது. அத்தனை உயிர்கள் போன நேரத்தில் விழா வேண்டாம் என்பது முற்றிலும் நியாயம். ஆனாலும் அப்படிப்பட்ட மாதங்களில் பேச்சை மட்டுமே நம்பிய குடும்பம் எதை வைத்துச் சமாளிக்கும்? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில்: ஆனைமலை அடிவாரம்

தம்பி, வேலையை இப்போதைக்கு விட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால், அதற்கு வெள்ளத்தையும் நோயையும் விட உங்கள் தொழில் இன்று நிற்கும் விதத்தையே முதற்காரணமாகச் சொல்வேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்களுக்கு வரும் தேதிகளில் பெரும்பாலானவை ஒரே அணித் தலைவர் வழியாக, தை முதல் சித்திரை வரையிலான ஒரே பருவத்தில் வருகின்றன. அவருக்கு உடல்நலம் கெட்டாலும் உங்கள் ஆண்டு போய்விடும். அந்தப் பருவத்தில் தேர்தல் வந்தாலும் போய்விடும். 2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்ததை நினைத்துப் பாருங்கள். நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் அரசு சார்ந்த விழாக்கள் எல்லைக்கு இருபுறமும் சேர்ந்தே நின்றன. எந்தப் பக்கம் போயும் ஈடுகட்ட வழியில்லை.

கையில் பணம் குறையும்போது விழாக் கமிட்டி என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். பட்டிமன்றம் என்றால் நடுவர் ஒருவர், அணிக்கு மூவர், வேன், இரவு உணவு, சில வேளைகளில் தங்கும் அறை என்று செலவு ஏறும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதால், எட்டரை மணிக்குத் தொடங்கும் பட்டிமன்றத்தில் கடைசிப் பேச்சாளருக்கு ஐந்து நிமிடம் மிஞ்சினாலே பெரிது. ஆகவே நெருக்கடி வந்தால் கமிட்டி நிகழ்ச்சியை அடியோடு நிறுத்திவிடுவதில்லை; ‘ஒருவரை மட்டும் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொல்வோம்’ என்றுதான் முதலில் யோசிக்கும். அந்த ஒருவராக அழைக்கப்படும் தகுதி உங்களுக்கு இருந்தால், மற்றவர்களுக்கு மெலிந்த காலத்திலும் உங்களுக்கு வேலை இருக்கும். அதற்கு, எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் முழுமையாகச் சொல்லக்கூடிய நான்கைந்து தனியுரைகள் வேண்டும். பட்டிமன்றத்தில் பத்து நிமிடம் கைதட்டல் வாங்குவதும், தனியாக ஒரு மணி நேரம் அவையைக் கட்டிப்போடுவதும் வேறு வேறு உழைப்பு. கிருபானந்த வாரியார் (1906-1993) போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் தனியாளாகவே அவையை ஆண்டார்கள் என்பதை நம் தலைமுறை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது ஒப்பந்தம். வாய்மொழியாகத் தேதி கொடுப்பதை விட்டுவிடுங்கள். தொலைபேசியில் பேசி முடித்த உடனே கமிட்டிச் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி அனுப்புங்கள்: ‘பங்குனி உத்திரத்தன்று மாலை 7 மணிக்குத் தனியுரை, ஒரு மணி நேரம், தலைப்பு இன்னது, சன்மானம் இவ்வளவு, கார் வாடகை தனி, பாதித் தொகை முன்பணம். இயற்கைச் சீற்றத்தாலோ அரசுத் தடையாலோ விழா நின்றால் முன்பணம் அடுத்த தேதிக்கு வரவு வைக்கப்படும். கமிட்டியே கடைசி வாரத்தில் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது.’ அவர் ‘சம்மதம்’ என்று பதில் போட்டால் போதும். இதனால் யாரும் மனம் கோணுவதில்லை. மாறாக, ஒழுங்கான ஆள் என்ற பெயர் வரும்.

பதில்: சித்தூர் வாசகசாலை

நான் பாலக்காடு மாவட்டச் சித்தூரில், எங்கள் ஊர் நூலகத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். பேச்சாளர்களை அழைக்கும் பக்கத்திலிருந்து சில சொல்கிறேன்.

கேரளத்தில் பேச்சாளருக்கான மேடை கோயில் வாசலில் மட்டும் இல்லை. பி. என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாக, இங்கே சிறு ஊர்களில்கூட நூலகம் இருக்கிறது. அவர் நினைவு நாளான ஜூன் 19 வாசிப்பு நாள். அதையொட்டிப் பள்ளிகளும் நூலகங்களும் பேச்சாளர்களைத் தேடுகின்றன. அடுத்து வருவது கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி. மாதம் முழுவதும் மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் வீட்டுக்கு வீடு வாசிக்கப்படும். எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த சித்தூரில், கம்பனையும் அவரையும் அருகருகே வைத்து, ஒரே காட்சியை இருவரும் எப்படிப் பாடினார்கள் என்று தமிழில் நிதானமாகச் சொல்லக்கூடிய ஒருவர் கிடைத்தால், அவரை ஆண்டுதோறும் அழைக்க நாங்கள் தயாராக இருக்கிறோம். இரு மொழியும் அறிந்த எல்லைப்புறத்துப் பிள்ளைகளால்தான் அது முடியும். சென்னையிலிருந்து எவ்வளவு பெரிய பேச்சாளர் வந்தாலும் இதைச் செய்ய இயலாது.

இதுபோல இன்னும் இரண்டு தலைப்புகள் உங்களுக்கு வாசலிலேயே கிடக்கின்றன. ஒன்று, 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் போராட்டமும் அதில் பெரியாரின் பங்கும். மற்றொன்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம். குன்றக் குரவர் வந்து சொன்ன செய்தியைக் கேட்டுச் செங்குட்டுவன் இமயத்துக்குப் புறப்படும் இடத்தை விரித்துச் சொன்னால், முன்வரிசையில் இருக்கும் மலையாளப் பெரியவர்கள் அது தங்கள் மன்னனின் கதை என்று நிமிர்ந்து உட்காருவார்கள். சேரர் தலைநகரான வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்ற வழக்கை மட்டும் அந்த மேடையில் எடுக்க வேண்டாம். பாட்டை ஒருமுறை சீர் பிரித்து மெதுவாகப் படித்து, பொருளை எளிய சொற்களில் தந்துவிட்டால், அவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது. பட்டிமன்றப் பழக்கத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சினிமாத் துணுக்கு சொல்லும்போதுதான் அவர்கள் விலகிப் போகிறார்கள்.

நூலகங்கள் தரும் சன்மானம் சிறியது. அதை மறைக்க விரும்பவில்லை.

பதில்: கஞ்சிக்கோடு ஷிப்ட்

தொழிற்சாலைகளையும் கணக்கில் கொள்ளுங்கள். 1966 மார்ச் 4 அன்று, வேலையிடத்தில் விபத்தைத் தவிர்ப்பதற்கான தேசியப் பாதுகாப்புக் குழுமம் நிறுவப்பட்டது. அந்த நாளையே தேசியப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். கஞ்சிக்கோட்டிலும் கோவைப் பக்கத்திலும் உள்ள ஆலைகளில் அந்த வாரம் தொழிலாளர்களுக்கு உரை உண்டு. எங்கள் ஆலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் அரை மணி நேரம்தான் கொடுப்பார்கள். முன்னதாகவே ஒருநாள் வந்து, இயந்திரங்களையும் ஆட்கள் நிற்கும் இடத்தையும் பார்த்துவிட்டுப் பேசினால்தான் காதில் ஏறும். பான் எண்ணோடு முறையான ரசீது கேட்பார்கள். பணம் சில வாரங்கள் கழித்தே வங்கிக்கு வரும். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு. 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. பிடித்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கிவிட்டால், கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறவோ சரிக்கட்டவோ முடியும்.

கேள்வியாளர்: கொழிஞ்சாம்பாறையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் கல்வியாண்டு முடியும்வரை பயிற்சி நிலையத்தில் தொடர்வதென்றும், கம்பன்–எழுத்தச்சன் உரையை முதலில் தயாரிப்பதென்றும் முடிவு செய்திருக்கிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. என்னை மேடையேற்றியவர் எங்கள் அணித் தலைவர்தான். தனியுரைக்குப் போகிறேன் என்றால், அவரை விட்டுவிட்டுப் போவதாக நினைக்க மாட்டாரா?

பதில்: ஆனைமலை அடிவாரம்

நினைப்பார், அதனால்தான் பிறர் வாயிலாக அவர் கேள்விப்படும் முன்பே நீங்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தை மாதத் தேதிகள் பேசத் தொடங்கும் முன், கார்த்திகையிலேயே அவர் வீட்டுக்குச் சென்று, எந்தெந்த நாள்கள் அவர் அணிக்கு என்று முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்திய கமிட்டிகளில் நீங்களாகப் போய்த் தனியுரை கேட்காதீர்கள். அவர்களே உங்களைக் கூப்பிட்டால், ‘தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தேதி கொடுங்கள். நூலகம், தொழிற்சாலை, கேரளப் பள்ளிகள் ஆகியவை அவர் போகாத இடங்கள் என்பதால், அங்கே இந்தச் சங்கடமே எழாது. முதல் தேதியை சித்தூரிலேயே கேட்டுப் பாருங்கள்.